ஒரு துவக்குக்கு நாற்பது நிமிசம்

நான் அதை நம்பேல்லை, பிள்ளை. பன்ரண்டு வருசமா நம்பேல்லை. நம்பேல்லை எண்டு ஒருதருக்கும் சொன்னதும் இல்லை. உமக்குத்தான் முதன்முதலாச் சொல்லுறன். அதுவும் நீர் ரோட்டைப் பாத்துக்கொண்டு ஓடுறபடியாத்தான் வாயிலை வருகுது. முகத்தைப் பாத்தா வராது.

இல்லை, இல்லை. பை இருக்கட்டும். பின்னாலை வைக்கத் தேவையில்லை. உம்மடை அம்மா கட்டித் தந்த சாப்பாட்டுப் பெட்டியள் பின்சீற்றிலை இருக்கட்டும், இது இஞ்சை என்ரை காலுக்கிடையிலை இருக்கிறது எனக்கு வசதி. கறித்தூள் இல்லை. ஒரு சாமான். நேதன் தந்தது.

கொஞ்சம் மெதுவாப் போம். உதிலை கமரா இருக்கு. தெரியும், நூற்றிமுப்பது போகலாம். நூற்றிப்பத்திலை போனா என்ன, நான் இருக்கிற டோஸ்ட்ருப் ஓடியே போகப்போகுது?

நேதன் எண்டது வெள்ளிக்கிழமை என்னை இறக்கேக்கை வாசலிலை நிண்ட மெலிஞ்ச மனுசன். கையைக் காட்டினவர். ஓம், அவர் தான். என்ரை தங்கச்சி கிருபாமலரின்ரை புருசன். எனக்கு மச்சான். கிருபா போன வருசம் ஐப்பசியிலை செத்துப்போனா. உம்மடை அம்மாவும் அப்பாவும் செத்தவீட்டுக்கு வந்தவை. அப்பா குலேந்திரன் சேர்ச்சுக்குள்ளை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிண்டதை இண்டைக்கும் நினைச்சா எனக்குச் சிரிப்பு வரும். கோயில் பழக்கம், என்ன செய்யிறது. அந்த நேரத்திலை எனக்கு அந்தக் காலுறையைப் பாத்துத்தான் அழுகை வந்தது.

அந்த வீடு ஒரு பழைய டெனிஷ்காரற்றை வீடு. கமக்காரன், பிள்ளையள் இல்லை, செத்த பிறகு மலிவா வந்தது. மலிவு எண்டா ஏன் மலிவு எண்டு கேட்கோணும் எண்டு நான் அப்பவே சொன்னனான். ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒண்டு உடையும். இந்த மாசியிலையும் ஒரு ஓடு போய், நான் தான் ஏறி மாத்தினனான். அம்பத்தாறு வயசிலை நான் ஏணியிலை, அவர் கீழை ஏணியைப் பிடிச்சுக்கொண்டு. காத்துக்கு உடைஞ்சு போட்டுது மச்சான் எண்டார். கூரையின்ரை நடுவிலை ஒரே ஒரு ஓடு. சுத்தவர இருக்கிறதெல்லாம் அசையேல்லை. எனக்கென்ன ஓட்டைப் பற்றித் தெரியும்? மாத்திப்போட்டு இறங்கி வந்து தேத்தண்ணி குடிச்சனான்.

என்ன சொல்ல வந்தனான்... ஓம். வீடு வாங்கின புதுசிலை நேதன் பரணிலை கண்ணாடிப் பஞ்சு போட ஏறினவர். அங்கை பலகைக்குக் கீழை ஒரு பிஸ்கற் பேணி. பேணிக்குள்ளை எண்ணெய்த் துணி. துணிக்குள்ளை ஒரு கைத்துவக்கு. ஜேர்மன்காரன் இஞ்சை நிண்ட காலத்துத் துவக்காம். ஏழு ரவையும்.

ஓம், உப்பிடி நிறைய வீட்டிலை இருக்கு எண்டு நீரும் சொன்னனீர் தானே. தாத்தா ஒளிச்சு வைச்சது, பேரப்பிள்ளைக்குத் தெரியாது. டெனிஷ்காரனுக்கு அது ஒரு கதை. எங்களுக்கு அப்பிடியோ? நேதன் அண்டு பின்னேரம் எங்கடை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திப்போட்டு, மச்சான் எங்கடை வீட்டிலை துவக்கு இருக்கு எண்டு சொன்ன குரலை நீர் கேட்டிருக்கோணும். வீட்டிலை பாம்பு எண்டா அப்பிடிச் சொல்லமாட்டான் ஒருதன்.

நல்ல காலத்துக்கு அந்தக் கோடைக்கு அரசாங்கம் மன்னிப்புக் காலம் ஒண்டு அறிவிச்சது. துவக்கை வைச்சிருக்கிறவை கொண்டு வந்து குடுத்தா வைச்சிருந்ததுக்குத் தண்டனை இல்லை எண்டு. காசும் இல்லை. நீங்கள் இப்ப அறிக்கைக்குக் கணக்குப் பாக்கிறது அரசாங்கம் துவக்கைக் காசு குடுத்து வாங்கிறது, இது சும்மா வாங்கினது. சும்மா வாங்கினது எண்டு தான் எல்லாரும் நினைச்சம். அதின்ரை விலை இப்பத்தான் தெரியுது.

நான் தான் அவனைக் காரிலை கூட்டிக்கொண்டு போனனான். அப்ப நானும் நேதன் இருக்கிற ஹேர்னிங்கிலை தான், உம்மடை அப்பாவோட ஒரே ஃபக்ரி. ஆடி மாசம், நல்ல வெய்யில். நேதன் ஒரு மஞ்சள் நெற்றோ கடைப் பையோட வந்து ஏறினான். துவக்கைக் கொண்டுபோக வேற பை கிடைக்கேல்லையோ எண்டு கேட்டனான். பின்னை என்ன, வெள்ளித் தட்டிலையோ கொண்டுபோறது எண்டான். பகிடி விட்டான், ஆனா சொண்டு காஞ்சிருந்தது.

பொலிஸ் ஸ்ரேசனுக்கு முன்னாலை நிப்பாட்டினன். அவன் போனான். நான் றேடியோவைப் போட்டனான். செய்தி தொடங்கிச்சுது. செய்தி முடியேல்லை, அவன் வந்திட்டான். பையை வடிவா மடிச்சுக் கையிலை வைச்சிருந்தான். குடுத்தாச்சு, ஓடு எண்டான். நான் மணிக்கூட்டைப் பாத்தனான். ஏன் பாத்தனான் எண்டு எனக்குத் தெரியாது. நாலு நிமிசம்.

இவ்வளவு கெதியாவோ எண்டு கேட்டன். பேரும் கேட்கேல்லை, ஒண்டும் கேட்கேல்லை, வாங்கிப்போட்டு தக் எண்டு நன்றி சொன்னாங்கள் எண்டான். வாங்கினதுக்குத் துண்டு ஏதும் தந்தவங்களோ? இல்லை. சரி எண்டு ஓடினன். அந்த வெய்யிலுக்கை ஜக்கெற்றைக் கழுத்து வரைக்கும் பூட்டினபடி இருந்தான். குளிருதோ எண்டு கேட்க நினைச்சன். கேட்கேல்லை.

அந்தக் கேட்காத கேள்வி தான் பிள்ளை பன்ரண்டு வருசம்.

பின்னாலை ஒரு வெள்ளைக் கார் வருகுதெல்லோ, அது பொலிஸோ? வானோ? சரி, சரி. நான் திரும்பிப் பாக்கேல்லை, கண்ணாடியிலை கண்டனான். ஒண்டுமில்லை எனக்கு. கையோ? கை வேர்க்கும் எனக்கு, பழக்கம்.

உமக்கு எங்கடை சபையைப் பற்றித் தெரியாது. எங்கடையிலை சாட்சி எண்டு ஒண்டு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலை ஒராள் எழும்பி, கர்த்தர் எனக்கு இப்பிடி ஒரு நன்மை செய்தவர் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறது. வருத்தம் மாறினது, வேலை கிடைச்சது, விசா வந்தது. சொல்லி முடிய எல்லாரும் அல்லேலூயா எண்டுவினம். பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காது, அதாலை ஒராள் பக்கத்திலை நிண்டு டெனிஷிலை சொல்லோணும். தமிழிலை ஒரு வசனம், டெனிஷிலை ஒரு வசனம். அந்த ஒராள் நான். இருவது வருசம் நான் தான், டோஸ்ட்ருப்புக்கு மாறின பிறகும் போய்ச் செய்தனான். றொபேர்ட் அண்ணை மொழிபெயர்த்தா கண்ணீர் வரும் எண்டு சொல்லுவினம். எனக்கும் அது பெருமை தான், பொய் சொல்லேலாது.

அடுத்த ஞாயிறு நேதன் சாட்சி சொன்னான். உண்மையா அவன் தானா எழும்பேல்லை. கிருபா தான் முதல் எழும்பினவா. என்ரை வீட்டிலை இருந்த மரணத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார், என்ரை புருசன் கொண்டுபோய்க் குடுத்திட்டார் எண்டு அழுதா. பேந்து அவன் எழும்பாமல் என்ன செய்யிறது? எழும்பினான். ஒரு கைத்துவக்கும் ஏழு ரவையும் எண்டான். நானும் டெனிஷிலை, ஒரு கைத்துவக்கும் ஏழு ரவையும் எண்டன். ஒரு பொலிஸ்காரன் வாங்கித் தக் எண்டு சொன்னான் எண்டான். நானும் சொன்னன்.

அடுத்த வருசம் அந்தப் பொலிஸ்காரன் கைகுடுத்தான். அதுக்கடுத்த வருசம் ரெண்டு பொலிஸ். பேந்து ஒரு பொலிஸ்காரி வந்தா, அவவுக்குக் கண் கலங்கிச்சுது. எட்டாம் வருசம் அந்தப் பொலிஸ்காரன் உங்கடை சபை எங்கை இருக்கு எண்டு கேட்டவன். இன்னும் ரெண்டு வருசம் போயிருந்தா ஞானஸ்நானமும் எடுத்திருப்பான். சிரியும், சிரியும், நானும் உள்ளுக்கை சிரிச்சனான். ஆனா வெளியிலை குரலை நடுங்க வைச்சு டெனிஷிலை சொன்னனான். எல்லாம் வளர்ந்தது பிள்ளை, ரவை மட்டும் வளரேல்லை. எல்லா வருசமும் ஏழு தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கேட்கேக்கை எல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். தன்ரை கையிலை இல்லாத சாமானை ஒருதன் இவ்வளவு வடிவா எண்ணி வைச்சிருப்பானோ?

ஏன் கேட்கேல்லை எண்டோ? நான் என்னைக் கேட்காத நாளில்லை. சாட்சியைச் சந்தேகப்பட்டா மனுசனை இல்லை, கர்த்தரைச் சந்தேகப்படுறது எண்டு எங்கடையிலை ஒரு எண்ணம். சந்தேகத் தோமா எண்டு பேர் வைச்சு விட்டிடுவினம். அது ஒரு சாட்டு. கேட்டு, அவன் இல்லை எண்டு சொன்னா, பிறகு எனக்கும் தெரிஞ்சதாப் போயிடும். தெரிஞ்சா நான் ஏதாவது செய்யோணும். அதுவும் ஒரு சாட்டு. கிருபா அந்த வீட்டிலை நிம்மதியா நித்திரை கொண்டா. அது மட்டும் சாட்டில்லை எண்டு நினைக்கிறன். தெரியேல்லை.

வெள்ளிக்கிழமை நீர் சொல்லேக்கை எனக்கு ஒண்டு விளங்கிச்சுது. அரசாங்கம் அண்டைக்கு ஒரு ஐநூறு குரோணர் குடுத்திருந்தா, ஒரு துண்டு குடுத்திருக்கும். அடுத்த நாளே நான், மச்சான் துண்டைக் காட்டு பாப்பம் எண்டிருப்பன். அதைக் கேட்க எனக்கு வெக்கம் வந்திராது. காசு எண்டா எங்கடை ஆக்கள் துண்டு கேட்பினம். கடவுள் எண்டா கேட்கமாட்டினம். அந்தச் செலவை உம்மடை அறிக்கையிலை எந்தப் பக்கத்திலை போடுவீர் எண்டு எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நீர் அதைச் சும்மா தான் சொன்னனீர், எனக்குத் தெரியும். வேலை எப்பிடி எண்டு நான் கேட்டனான், நீர் சொன்னனீர். துவக்குக்குக் குடுக்கிற காசு பெரிசில்லை மாமா, அதுக்குப் பிறகு வாறது தான் செலவு எண்டு. பூட்டி வைக்க அறை, கொண்டுபோக வாகனம், உருக்க ஆலை. எல்லாத்தையும் விடப் பொலிஸ்காரற்றை நேரம். ஒரு துவக்கை வாங்கி, உள்ளுக்கை ரவை நிக்குதோ எண்டு பாத்து, இலக்கத்தைப் பதிஞ்சு, ரெண்டாவது ஆள் வந்து சரிபாத்து, கையெழுத்து வைச்சுப் பூட்ட நாற்பது நிமிசம். ஒரு துவக்குக்கு நாற்பது நிமிசம். அதை மணித்தியாலச் சம்பளத்தாலை பெருக்கிப் பாத்தா தலை சுத்தும் எண்டனீர்.

அப்ப நாங்கள் பாலத்திலை வந்துகொண்டிருந்தம். இப்ப போறதைப் போலத்தான், ரெண்டு பக்கமும் கடல். பேந்து ஹேர்னிங் வரைக்கும் நான் கதைக்கேல்லை. நித்திரையாப் போனார் எண்டு நினைச்சிருப்பீர்.

சராசரி தான். விளங்குது. சில இடத்திலை இருவது, சில இடத்திலை ஒரு மணித்தியாலம். பழைய காலத்திலை இன்னும் கெதியாவும் நடந்திருக்கலாம். நானும் ஃபூன் தீவு முழுக்க அதைத்தான் நினைச்சுக்கொண்டு போனனான். ஆனா நாலு நிமிசம் எண்டு ஒரு இடமும் உம்மடை கணக்கிலை இல்லைத்தானே?

அது தான்.

பாலத்திலை ஒருக்கா நிப்பாட்டேலாதோ? தெரியும், தெரியும், சும்மா கேட்டனான். நிப்பாட்டினா உடனை வந்திடுவாங்கள். சரி ஓடும். நல்ல ஆழமாத்தான் இருக்கும் என்ன, நடுவிலை.

இன்னொண்டும் நீர் சொன்னனீர். மற்றப் பக்கத்திலை லாபம் எழுதோணும் எண்டு. துவக்கு இல்லாட்டி எத்தினை சாவு குறையும், ஒரு உயிருக்கு எவ்வளவு விலை எண்டு. முப்பது சொச்சம் மில்லியன் குரோணர் எண்டனீரோ? நான் அதிலை சிரிச்சனான் எண்டு உமக்குக் கோவம் வந்தது. பகிடிக்குச் சிரிக்கேல்லைப் பிள்ளை. எங்கடை ஆக்களுக்கும் அதே விலையோ எண்டு யோசிச்சனான். அதே விலை தானோ? வேலை இல்லாமல் பென்சனிலை இருக்கிற ஒரு அம்பத்தெட்டு வயசு மனுசனுக்கும்? பெண்சாதி செத்து, சமைக்காமல், பாணும் சீஸும் திண்டுகொண்டு இருக்கிறவனுக்கும்? அப்பிடியோ. அப்ப இது நல்ல நாடு தான். அதை நான் நேதனுக்குச் சொல்லியிருக்கோணும்.

துவக்காலை சாகிறதிலை கனபேர் ஆரும் சுட்டுச் சாகிறேல்லை எண்டனீர். தங்களைத் தாங்களே எண்டனீர். அதையும் நீர் சும்மா தான் சொன்னனீர்.

கிருபா போன பிறகு அவன் சாட்சி சொல்லுறதை விட்டிட்டான். சபைக்கு வருவான், பின் வரிசை வாங்கிலிலை இருப்பான், முடிய முதல் போயிடுவான். கார்த்திகையிலை தன்ரை ட்றில் மெசினை உம்மடை அப்பாவுக்குக் குடுத்தவன். ஓம், அந்தப் பச்சை மெசின், கராஜ்ஜுக்கை இருக்குமே, அது நேதன்ரை. மார்கழியிலை நல்ல கோட்டை எனக்குத் தந்தான். எனக்குப் பெரிசு மச்சான் எண்டான். மெலிஞ்சு போனான், அதாலை பெரிசாப் போச்சுது எண்டு நான் நினைச்சனான். தையிலை மீன் தொட்டியைப் பக்கத்து வீட்டு டெனிஷ்காரிக்குக் குடுத்தான். நல்ல மனுசன், எல்லாத்தையும் குடுக்கிறான் எண்டு சபையிலை கதைச்சவை. நானும் தலையாட்டினனான். ஒவ்வொண்டாக் குடுத்து வீட்டை வெறுமையாக்கிறான் எண்டு ஒருதருக்கும் படேல்லை. எனக்கும் படேல்லை. நாற்பது நிமிசம் எண்டு நீர் சொல்லும் வரைக்கும்.

நேற்றுக் காலமை தேத்தண்ணி குடிக்கேக்கை சொன்னனான். குலேந்திரன்ரை மகள் துவாரகா இப்பிடி ஒரு வேலை செய்யிறா, ஒரு துவக்கை வாங்கி எடுக்க நாற்பது நிமிசம் பிடிக்குமாம் எண்டு. வேற ஒண்டும் சொல்லேல்லை. அவன் கோப்பையை வைச்சான். மேசையிலை வைச்சான் எண்டு நினைச்சுக் காத்திலை வைச்சான். கோப்பை விழுந்து உடைஞ்சுது. ரெண்டு பேரும் குனிஞ்சு பொறுக்கினம். பொறுக்கேக்கை சொன்னான், மச்சான் நான் உள்ளை போய் நம்பர் எடுத்தனான் எண்டு.

உள்ளை போனவன் தான். நம்பர் துண்டும் எடுத்தவன். அவனுக்கு முன்னாலை ரெண்டு பேர். கண்ணாடிக்கு அங்காலை ஒரு பொலிஸ்காரன், இடுப்பிலை பட்டி, பட்டியிலை துவக்கு. இவனைப் பாத்துச் சிரிச்சானாம். நல்ல சிரிப்புத்தான் மச்சான், ஆனா என்ரை கால் எனக்கில்லாமல் போட்டுது எண்டான். பத்தொம்பது வயசிலை ஊரிலை ஆமிக்காரங்கள் பஸ்ஸாலை இறக்கி, கையைத் தூக்கச் சொல்லி, வரிசையிலை நிக்க வைச்சவங்கள். அவனுக்கு முன்னாலை நிண்ட பெடியன்ரை பைக்குள்ளை ஏதோ இருந்தது. அவ்வளவு தான் சொன்னான், மிச்சம் சொல்லேல்லை. உமக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன், அப்பா ஏதும் சொல்லியிருப்பார். சொல்லேல்லையோ? சரி, சொல்லாட்டி விடும்.

யூனிஃபோம் போட்டவனுக்கு முன்னாலை நான் துவக்கோட போய் நிக்கிறதோ மச்சான் எண்டான். தண்டனை இல்லை எண்டு பேப்பரிலை போட்டிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனா என்ரை காலுக்கு வாசிக்கத் தெரியாதே எண்டான். கழுவுற அறைக்குள்ளை போய் அதை ஜக்கெற்றுக்குள்ளை வைச்சுப் பூட்டிக்கொண்டு, பையை மடிச்சுக்கொண்டு வந்திட்டான். திரும்பப் போவம் எண்டு தான் நினைச்சவனாம். வீட்டை போனா வாசலிலை கிருபா. குடுத்தாச்சோ எண்டு கேட்டா. குடுத்தாச்சு எண்டான். அவ முழங்காலிலை நிண்டு ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினா. அதுக்குப் பிறகு எப்பிடிப் போறது?

யோசிச்சுப் பாரும். அண்டைக்கு அவன் எனக்குப் பக்கத்திலை, இப்ப நான் இருக்கிற சீற்றிலை இருந்தவன். நான் ஒண்டும் தெரியாமல், செய்தி கேட்டுக்கொண்டு ஓடினனான்.

அடுத்த எக்சிற்றிலை வெளிக்கிடும். ஓம், டோஸ்ட்ருப் தான், ஆனா என்ரை வீட்டுப் பக்கம் இல்லை. ரவுண்டபௌட்டிலை இடக்கைப் பக்கம். ஒரு இடத்திலை என்னை இறக்கி விடும். பள்ளம் மேடு பாத்துப் போம், அந்த வேகத்தடையிலை நல்ல மெதுவா. இன்னும் மெதுவா.

நேதனோட ஆர் எண்டோ? அன்னா வந்து நிக்கிறாள். அவன்ரை மகள், ஓகூஸ் நகரத்திலை வேலை. நேற்று மத்தியானமே ரெலிபோன் அடிச்சுக் கூப்பிட்டனான். அவளுக்குத் துவக்கைப் பற்றி எல்லாம் சொன்னனான், இந்தமுறை ஒண்டும் மறைக்கேல்லை. நாளைக்கு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறாள். தனிய விடமாட்டாள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எனக்குச் செய்தி போடுறாள், அது தான் இந்த ரெலிபோன் கிணுகிணுத்துக்கொண்டு வந்தது.

இதிலை நிப்பாட்டும். அந்த மரத்துக்குப் பக்கத்திலை. ஓம், பொலிஸ் ஸ்ரேசன் தான்.

என்ஜினை நிப்பாட்டும் பிள்ளை. பயப்படாதையும். நான் பயப்பிடுறன், அது காணும் ரெண்டு பேருக்கும்.

ஓம். பைக்குள்ளை தான். கிருபாவின்ரை தையல் மெசின் பெட்டிக்குள்ளை இருந்தது, அதே எண்ணெய்த் துணி, அதே பேணி. உம்மைக் கேட்காமல் ஏத்தினது பிழை. பெரிய பிழை. ஹேர்னிங்கிலேயே குடுத்திருக்கோணும். அந்த வாசல் வரைக்கும் போனனான், நேற்றுப் பின்னேரம். எனக்கும் கால் வரேல்லை. அவனைப் பன்ரண்டு வருசம் உள்ளுக்கை பகிடி பண்ணினனான், எனக்கும் கால் வரேல்லை. அதாலை தான் உமக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான். ஒராளுக்குச் சொல்லிப்போட்டா திரும்பேலாது எண்டு.

மன்னிப்புக் காலம் இப்ப இல்லை, தெரியும். உம்மடை அறிக்கை முடிஞ்சு, அவை வாசிச்சு, செலவு கூட எண்டு சொல்லி, பேந்து ஒருநாள் வரும். அதுவரைக்கும் வைச்சிருப்பம் மச்சான் எண்டு நேதன் கெஞ்சினவன். இன்னொரு இரவு அது அந்த வீட்டிலை இருக்கேலாது. என்னைப் பிடிச்சா பிடிக்கட்டும். உமக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுவன், அது உண்மை தானே, இந்த மரம் வரைக்கும்.

பை இதிலேயே இருக்கட்டும், தொடாதையும். நீர் இறங்கி அந்த வாங்கிலிலை போய் இரும். நான் வெறுங்கையோட உள்ளை போய், காருக்குள்ளை இருக்கு, வந்து எடுங்கோ எண்டு சொல்லுவன். அவ்வளவு தான். டெனிஷ் வசனம் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்தனான். மணிக்கூட்டைப் பாரும். நாலு நிமிசத்திலை நான் தனிய வெளியிலை வந்தா, என்ன சொன்னாலும் நம்பாதையும். நீரே உள்ளை போய்ச் சொல்லும்.

ரவையோ? அதையும் சொல்லோணும் உமக்கு. நேற்று மேசையிலை பேப்பர் விரிச்சு, ஒவ்வொண்டா எடுத்து வைச்சனான். எத்தினை வருசம் டெனிஷிலை சொன்ன எண்ணிக்கை. ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணினன். ஆறு. திருப்பி எண்ணினன். ஆறு. பேணியைக் கவிட்டுத் தட்டினன். துவக்குக்குள்ளை நிக்குதோ எண்டு எனக்குப் பாக்கத் தெரியாது, அது தான் வழிமுழுக்க மெதுவா, மெதுவா எண்டு உம்மடை உயிரை எடுத்தனான். ஆனா அதுக்குள்ளையும் இல்லை எண்டு என்ரை மனம் சொல்லுது.

நேதன் எனக்கு முன்னாலை, கிருபாவின்ரை கதிரையிலை இருந்தவன். நான் எண்ணினதை அவன் பாக்கேல்லை. அண்ணாந்து மேலை பாத்துக்கொண்டு இருந்தான். நானும் மேலை பாத்தன். அந்த இடத்துக்கு நேரை, பரணுக்கும் மேலை, நான் மாசியிலை ஏறி வைச்ச புது ஓடு. மற்ற ஒண்டும் அசையாமல் இருந்தது எண்டு சொன்னன் தானே.

அவன் என்ரை கையை எட்டிப் பிடிச்சான். ஏழாவது ரவை எங்கை எண்டு நான் கேட்கேல்லை பிள்ளை. பன்ரண்டு வருசம் கேட்காதவன், கடைசியிலை இதைத்தான் கேட்டனான்: மச்சான், மாசியிலை அந்த ஓடு காத்துக்கோடா உடைஞ்சது?